இரண்டு பக்கமும் தாழ்ப்பாள்

வாசலுக்கு இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை என்று போய் வந்துகொண்டிருக்கிறார் அப்துல் கஃபார். கதவு இன்னும் வரவில்லை. வெறும் வாசல்தான். ஒவ்வொரு தடவையும் நடுவில் நின்று, நிலையின் இரு கால்களையும் உள்ளங்கைகளால் பிடித்துக்கொண்டு, யாரிடம் என்றில்லாமல் கேட்கிறார்: "நெருப்பு எங்கேர்ந்து வரும்? இந்த ரூமுக்கு வருமா, இந்த ரூம்லேர்ந்து போவுமா?"

இதற்குப் பதில் சொல்லக்கூடியவர் ஆம்பூரில் யாரும் இல்லை. "அது தெரிஞ்சா நான் ஏன்யா உன்னக் கூப்புடறேன்?" என்று முதலாளிகள் எரிந்து விழுவார்கள். கஃபார் அதுவும் நியாயந்தான் என்று தலையாட்டிவிட்டு, மறுபடியும் நடப்பார்.

முன்பெல்லாம் கல்யாணத்துக்குத் தகரப் பெட்டி செய்துகொண்டிருந்தவர். பிறகுதான் சென்னையிலிருந்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் வந்து தோல் கிடங்குகளைப் பார்த்துவிட்டு, ஒரு கிடங்குக்கும் அடுத்ததற்கும் நடுவே தகரம் போர்த்திய கதவு இல்லாவிட்டால் இன்ஷூரன்ஸ் பத்திரம் கிடையாது என்றார்கள். ஆவாரம் பட்டையும் எண்ணெய் தடவிய தோலும் அடுக்கிவைத்த ஊர் இது. பீடித் துண்டு ஒன்று போதும். தகரத்தை மடிக்கத் தெரிந்தவர் யார் என்று தேடினார்கள். கஃபாரைக் காட்டினார்கள். அன்று ஆரம்பித்த குழப்பம் இன்னும் அவரை விடவில்லை.

அவருடைய கதவு, பலகையைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஆணி அடித்து, மேலே தகரத்தால் காற்றுப் புகாமல் மூடியது. தகரத்தின் விளிம்புகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு மடிந்திருக்கும். ஆணித்தலை ஒன்றுகூட வெளியே தெரியாது. ஓரத்தில் கயிறு, கப்பி, கயிற்று நுனியில் இரும்புக் குண்டு. திறந்து விட்டால் குண்டு இறங்கும், கதவு தானே சாத்திக்கொள்ளும்.

"இரும்புல போட வேண்டியதுதான பாய்? கட்டையப் போய் நெருப்புக்கு வெக்கறியே" என்று கேட்காத ஆள் இல்லை. அதற்காகவே ஒரு துண்டு வைத்திருக்கிறார். உள்ளங்கை அகலத்தில் சிறிய கதவு மாதிரி செய்து, தன் வீட்டு அடுப்பில் ஒரு சமையல் நேரம் முழுக்கப் போட்டு எடுத்தது. தகரம் நீலமும் கறுப்புமாக, மழைக்கால வானம் மாதிரி இருக்கும். உள்ளே கட்டை கரியாகியிருக்கும். ஆனால் விழவில்லை. "இரும்பு அப்பளம் மாதிரி வளைஞ்சுக்கும் சார். இது வேவுது, நிக்குது. ஏன் நிக்குதுன்னு கேக்காதீங்க. எனக்கே புரியல. கரியாப் போனது எப்படிக் காப்பாத்துது?"

எல்லோருக்கும் போட்டுவிடவும் மாட்டார். வேலூரில் ஒரு வக்கீல் வீட்டம்மாள் சமையலறைக்கு ஒன்று வேண்டும் என்று ஆள் அனுப்பினாள். போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "எண்ணெய்ப் பொகை வெளிய போவணும்னு கதவத் தொறந்து வெச்சுத்தான சமைப்பீங்க? அப்பறம் இன்னாத்துக்கும்மா?" குடியாத்தத்தில் ஒரு தீப்பெட்டிக் கொட்டகைக்குப் போட்டார். திறப்பு நாளில் கதவுக்குச் சந்தனம் தடவி, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்தார்கள். மறுவாரம் போனால், காற்று வரவில்லை என்று கதவைத் திறந்து கல் முட்டுக் கொடுத்திருந்தார்கள். கஃபார் கல்லை எடுத்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேலைக்காரி கல்லைத் திரும்ப வைத்தாள். "தானா மூடிக்கற கதவுன்னா ஜனங்களுக்குப் புடிக்கல. பேய் மூடற மாதிரி பயப்படறாங்க."

நான் இவரைக் கிட்ட இருந்து பார்த்தது அஹமது பாஷாவின் தோல் கிடங்கில். அஹமது பாஷாவும் எங்கள் முதலாளி சுப்பராயனும் அதில் கூட்டு; நான் சுப்பராயன் மண்டியில் குமாஸ்தா. கிடங்கின் தெருக்கதவில் இரண்டு பூட்டுகள். ஒன்றின் சாவி பாஷாவிடம், மற்றது சுப்பராயனிடம். ஒருவர் இல்லாமல் மற்றவர் திறக்க முடியாது. இந்தப் பக்கத்துக் கூட்டு வியாபாரத்தில் இது சாதாரணம். யாரும் இதை அவநம்பிக்கை என்று நினைப்பதில்லை. திருடர்கள் ஓட்டைப் பிரித்து இறங்குவதால் காவல்காரனை உள்ளே வைத்துப் பூட்டுவதும் சாதாரணம். மாதனூர்க்காரர் சாமுவேல், மாலையில் கஞ்சித் தூக்கோடு உள்ளே போவார். காலையில் இரண்டு முதலாளிகளும் வந்தால்தான் வெளியே வருவார்.

கிடங்குக்கு இன்னொரு வாசல் உண்டு. அது பாஷாவின் வீட்டுக்குள் திறக்கும். அங்கே செல்லரித்த பழைய கதவு ஒன்று இருந்தது. அதைத்தான் கம்பெனிக்காரர் மாற்றச் சொன்னார்.

கஃபார் கதவைக் கொண்டுவந்து மாட்டினார். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று கேட்டார். அதோடு ஆரம்பித்தது.

"வீட்டுப் பக்கம்" என்றார் அஹமது பாஷா. "பொம்பளைங்க இருக்கற வீடு."

"கிடங்குப் பக்கம்" என்றார் சுப்பராயன். "பொழுது போன பெறவு வீட்டு வழியா யாரும் உள்ள வரக் கூடாதில்ல?" யாரும் என்று சொல்லும்போது பாஷாவைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.

கம்பெனிக்காரர், "நெருப்புக் கதவுக்குத் தாழ்ப்பாளே கூடாது" என்று சொல்லிவிட்டு ரயிலுக்குப் போய்விட்டார். அவர் பார்வைக்கு வரும் நாளில் தாழ்ப்பாளைத் திறந்து வைத்துக்கொள்ளலாம் என்பதில் மட்டும் கூட்டாளிகள் இருவரும் ஒரே மனதாக இருந்தார்கள். கடைசியில் இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் என்று முடிவாயிற்று.

கிடங்குப் பக்கத்துத் தாழ்ப்பாளை மாட்டிக்கொண்டிருந்தபோது சாமுவேல் வந்து பக்கத்தில் குந்தினார். தகரத்தைத் தடவிப் பார்த்தார். முழங்கையால் இடித்துப் பார்த்தார்.

"கெட்டியாக் கீது பாய்."

"ஆனை முட்டினாலும் அசையாது."

"அதான் கேக்கறேன். பழசுன்னா ஒரு ஒதை விட்டா விழுந்துடும். உள்ள நெருப்பு புடிச்சா ஒதைச்சிக்கினு பாஷா வூட்டுக்குள்ள ஓடிடலாம்னு தெகிரியமாப் படுத்துக்குவேன். இது அந்தப் பக்கம் தாப்பா போட்டுட்டா நான் எப்படி வர்றது?"

கஃபாரின் கை நின்றுவிட்டது. கதவைப் பார்த்தார். சாமுவேலைப் பார்த்தார். எழுந்து வாசலைத் தாண்டி அந்தப் பக்கம் போனார், திரும்பி இந்தப் பக்கம் வந்தார். முகத்தில் அப்படி ஒரு திகைப்பு. தெரிந்த தெருவில் வீடு மாறிப் புகுந்தவர் மாதிரி.

"நல்லாப் போட்டா தப்பா?" என்றார்.

சாமுவேல் தகரத்தை மறுபடி ஒரு தடவை இடித்துப் பார்த்தார்.

கஃபார் பாஷாவிடம் போனார். பாஷா, அம்மாவிடம் கேளுங்கள் என்றார். அம்மா முனவ்வர் பேகம் கூடத்துத் திரைக்குப் பின்னால் இருந்தார்.

"அம்மா, சாமுவேல் உள்ள மாட்டிக்குவான். இந்தப் பக்கம் தாப்பா வேணாம்."

"கத்தச் சொல்லு. தொறக்கறேன்."

"தூக்கத்துல கேக்குமாம்மா?"

"எடது பக்கமாப் படுத்தாக் கேக்கும். வலது பக்கம் படுத்தாக் கேக்காது. அப்போ மேல வர்ற காது அவ்ளோதான்."

"பொகை சூழ்ந்துட்டா கத்த முடியாதே அம்மா."

"அது எனக்கு இன்னா தெரியும்? நான் பொகையில கத்துனதில்ல." திரை கொஞ்சம் அசைந்தது. "அப்படியே கத்துனாலும் அது சாமுவேல்தான்னு எப்படித் தெரியும்? திருடன் வந்தா, 'நான் திருடன், தொறங்க'ன்னா கத்துவான்? போன மழைக்கு ஓட்டப் பிரிச்சு எறங்கினவன் இந்தக் கதவு வரைக்கும் வந்தான் கஃபார் பாய். எங்க மருமகப் பொண்ணு இன்னும் தனியா எழுந்து தண்ணி குடிக்க மாட்டேங்குது. தாப்பா போடுங்க."

இதிலும் தப்பு இல்லை. கஃபாருக்கு அது புரிந்ததுதான் அவருடைய கஷ்டம். சுப்பராயனிடம் போனார், தெருக்கதவுப் பூட்டு ஒன்றின் சாவியைச் சாமுவேலிடம் விட்டால் என்ன என்றார். "எந்தப் பூட்டு?" என்று கேட்டார் சுப்பராயன். ஒரு சாவியால் பயனில்லை என்பது கஃபாருக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டையும் கேட்க வாய் வரவில்லை.

மத்தியானம் சாப்பிடப் போகாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். கயிற்றை இழுத்து விடுவார், குண்டு இறங்கும், கதவு சாத்திக்கொள்ளும். எட்டித் திறப்பார். மறுபடி விடுவார். "ஒருத்தனக் காப்பாத்தறதுக்கு ஒருத்தன உள்ள வெக்கணும்போல" என்றார். நான் அங்கே நிற்பது அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. "பேஜாராக் கீது."

வெயில் இறங்கும்போது எழுந்து, வீட்டுப் பக்கத் தாழ்ப்பாளை மாட்ட ஆரம்பித்தார். கதவு வீட்டுப் பக்கமாகத் திறப்பது. தாழ்ப்பாளைக் கதவில் நீளமான மரையாணிகளால் இறுக்கினார். அடுத்து, தாழ்ப்பாள் போய் விழும் இரும்பு வளையம். அதை நிலையில் மாட்ட வேண்டும். நீள ஆணிகளை எடுத்தார், வாயில் கவ்விக்கொண்டார், துளையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவற்றை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துப் பையில் போட்டுவிட்டு, பையின் அடியில் துழாவி, விரல் நகம் நீளம்கூட இல்லாத நான்கு குட்டை ஆணிகளை எடுத்தார். நிலைக்குப் போர்த்தியிருந்த தகரத்தைத் தாண்டி அவை மரத்தைத் தொட்டாலே அதிகம். அவற்றைப் போட்டுத்தான் வளையத்தைத் திருகினார். தலைகள் தகரத்தோடு படிந்ததும், நீள ஆணிக்கும் அவற்றுக்கும் வெளியே வித்தியாசம் தெரியவில்லை.

"கெட்டியா கீதா பாய்?" என்று திரைக்குப் பின்னாலிருந்து முனவ்வர் பேகம் கேட்டார்.

"கெட்டிதாம்மா" என்று சொல்லி, கஃபார் வளையத்தை விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். ரொம்ப மெதுவாகத் தட்டினார்.