ரீகனுக்குச் சேலை கட்டிவிட்டார்கள்

ரீகன் போய்விட்டான். முந்தாநாள் ஹார்பர் ரோட்டில் பைக் விபத்து... நேற்று புன்னைக்காயலில் அடக்கம்.

எங்கள் கன்டெய்னர் யார்டில் எடைமேடை ஆபரேட்டர். ஆறு வருடம் என் பக்கத்து சீட். பெண்ணாகப் பிறந்ததாக ஊர் சொல்லும். தான் ஆண் என்று அவன் சொன்னான். எனக்கு அவன் சொன்னதே போதும்.

நேற்று பெட்டிக்குள் பார்த்தேன். பட்டுச்சேலை. தலையில் சவுரி, மல்லிகைப்பூ. மீசையை மழித்து, அந்த இடத்தில் பவுடரை அப்பியிருந்தார்கள்.

 

வாசலில் ஃப்ளெக்ஸ். ரெட்டைச் சடையோடு பள்ளிக்கூட போட்டோ, கீழே பழைய பெயர். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன்.

அந்த மீசை சும்மா வரவில்லை. ஹார்மோன் ஊசி போட ஆரம்பித்து மாதக்கணக்கில் தினமும் கேட்பான், "யக்கா, இப்பம் தெரியுதா?" ஒருநாள் தெரியுது என்றேன். அன்றைக்கு ஆபீஸ் முழுக்க மக்ரூன் வாங்கிக் கொடுத்தான்.

ஐடி கார்டில் பெயர் மாற்ற எச்.ஆரிடம் எட்டு மாதம் அலைந்தான். புது கார்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டே ஞாயிறு பூசைக்கும் போனான்...

கேன்டீனில் நாலு பேர் அவனைக் கேலி செய்த அன்று, நான் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அவன் அண்ணனிடம் கேட்டேன்.

"பெறந்த மாதிரியே அனுப்புதோம். ஒங்களுக்கு என்ன?"

தம்பியிடம் பத்து வருடம் போனில்கூடப் பேசாத ஆள். சவுரி வாங்க மட்டும் நேரம் கிடைத்திருக்கிறது. சீ.

அப்போது ட்ரெய்லர் ஓட்டும் பெரியதாழை ஊர்க்கார அண்ணாச்சி ஒருவர் மாலையோடு வந்தார். ரீகனை எடைமேடையில் தினமும் பார்ப்பவர், வேறெதுவும் தெரியாதவர். பெட்டியை எட்டிப் பார்த்தார். ஃப்ளெக்ஸைப் பார்த்தார். வீடு மாறி வந்துவிட்டதாக முணுமுணுத்துக்கொண்டே திரும்பி நடந்தார்.

பின்னாலேயே ஓடினேன். "வீடு சரிதான் அண்ணாச்சி. உள்ள கெடக்கது நம்ம ரீகன்தான்."

என் முகத்தைப் பார்த்தார். திரும்ப உள்ளே போய் மாலையைப் போட்டார்.

"போயிட்டு வா ரீகன் தம்பி" என்றார். அந்த வீட்டில் எல்லோருக்கும் கேட்டது.

எனக்கு நேற்று அந்தக் குரல் வரவில்லை. இன்றைக்கு, இங்கே...

போயிட்டு வாடா, ரீகன்.