குழாயில் நின்ற எட்டுக் கம்பிகள்

காசிமேட்டுக்குத் திரும்பும் விசைப்படகுகளில் எத்தனையோ படகுகள் நான் கடைந்த ஷாஃப்டில்தான் ஓடுகின்றன. ராயபுரத்தில் ஒரு மாதா கோயிலின் மணி, நான் வளைத்துக் கொடுத்த சட்டத்தில் தொங்குகிறது. எர்ணாவூர் அம்மன் கோயில் ஒன்றின் சின்னத் தேருக்கு அச்சு என்னுடையது. ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். முதல் லேத்தைப் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கி, உடைந்த கியருக்கு நானே பல் வைத்து ஓட்டினேன். ஒரு மழையில் எண்ணெய் கலந்த தண்ணீர் ஷெட்டுக்குள் இடுப்பளவு நின்று மூன்று மோட்டாரைத் தின்றது. பதினைந்தாம் நாள் லேத் ஓடியது. யாரும் தூக்கிவிடவில்லை, நான்தான் தூக்கினேன்.

இவற்றோடு நாற்பது துப்பாக்கிகளும் செய்திருக்கிறேன். பயந்துவிடாதீர்கள், சினிமாத் துப்பாக்கி. மெல்லிய குழாய், தீ போகும் துவாரம் கிடையாது. காவல் நிலையத்தில் காட்டி எழுதி வாங்கிய பிறகே லாரியில் ஏற்றினோம். அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் எல்லோரும் பேசுகிற ஒரு காட்சி இருக்கிறது. அந்தக் காட்சி எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் திரையில் என் பெயர் இல்லை. அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

துப்பாக்கியைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். பல வருஷங்களுக்கு முன்னால் என் ஷெட்டுக்கு ஒருவர் வந்தார். ஊசி மணி, பாசி விற்கும் குடும்பம். என் வயதுதான் இருக்கும். லைசென்ஸ் உள்ள நாட்டுத் துப்பாக்கி தோளில் தொங்கியது. அந்தக் காலத்தில் எண்ணூர் கழிமுகத்தில் அவர்கள் வாத்து அடிப்பார்கள்.

“அண்ணே, இடிக்கிற கம்பி ஒண்ணு செஞ்சி குடு” என்றார்.

“பழசு இன்னா ஆச்சு?”

“வாத்தோட பூடுச்சி.”

“வாத்து துன்னுடுச்சா?”

“அட போ அண்ணே. வெடிமருந்து போட்டேன், ஈய ரவை போட்டேன், கம்பிய வுட்டு இடிச்சேன். அதுக்குள்ள வாத்து எழும்பிடுச்சி. அவசரத்துல கம்பிய உருவாமலே சுட்டுட்டேன். வாத்து ஒரு பக்கம் பறக்குது, கம்பி ஒரு பக்கம் பறக்குது.”

“வாத்தாவது கெடச்சுதா?”

“ரெண்டும் கெடைக்கல. சேத்துல முட்டி வரைக்கும் நாள் பூரா தேடினேன்.”

நான் சிரித்துச் சிரித்து லேத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. கம்பி கடைந்து கொடுத்த நேரத்தில் அந்தத் துப்பாக்கியின் குணம், குற்றம் இரண்டையும் அவரிடம் கேட்டுக்கொண்டேன். எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் நான் விடுவதில்லை.

அவர் அதைத் தன் மனுஷனைப் போலப் பேசினார். குழாய்க்குள் ஒரு கோடு கிடையாது, வழுவழு. அதனால் பெரிய குண்டு ஒன்றும் போடலாம், பொடி ரவை ஒரு கைப்பிடியும் போடலாம். தோட்டாவுக்காக எந்தக் கடை வாசலிலும் நிற்க வேண்டாம். கரி பிடித்தால் வெந்நீரும் கந்தைத் துணியும் போதும். குண்டு குழாயைவிடக் கொஞ்சம் சின்னதாக இருப்பதால், குழாய் வாயில் போட்டால் தானாகச் சறுக்கி இறங்கும். குற்றமும் அங்கேதான். சின்னக் குண்டு உள்ளே ஆடிக்கொண்டே போகும், தாங்குகிற புஷ் தேய்ந்து இடம் விட்ட ஷாஃப்ட் மாதிரி. வாயை விட்டு வெளியே வரும்போது எந்தப் பக்கம் மோதியதோ அதற்கு எதிர்ப்பக்கம் ஓடும். கிட்டத்தில் என்றால் படும், தூரத்தில் என்றால் வேண்டிக்கொள்ள வேண்டியதுதான். தூறல் போட்டால் மருந்து நமத்துவிடும். சுட்டால் புகை கண்ணை மறைக்கும். ஒரு வெடிதான், அடுத்த வெடிக்குள் வாத்து மீஞ்சூர் தாண்டியிருக்கும்.

இதையெல்லாம் மனதில் போட்டு வைத்தேன். எதற்கும் உதவும் என்று நினைக்கவில்லை. சினிமாக்காரர்கள் வந்த அன்று உதவியது.

இயக்குநர் என் மகன் வயதுக்காரர். மரியாதை தெரிந்த பிள்ளை, அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். வெள்ளைக்காரக் கம்பெனி காலத்துக் கதை. நாற்பது சிப்பாய்களுக்குத் துப்பாக்கி வேண்டும் என்று படம் வரைந்து கொண்டுவந்தார். படத்தில் குழாய்க்குள் சுருள் சுருளாகப் புரி வெட்டியிருந்தது. கட்டில் காலில் கடைந்தது போல அழகாக இருந்தது. ஆனால் தப்பு.

“இந்தப் புரி எதுக்கு சார்?” என்று கேட்டேன்.

“குண்டு சுத்திக்கிட்டு நேரா போகும், ஐயா. படிச்சிருக்கேன்.”

“படிச்சது சரி. புரி போட்ட குழாய்ல குண்டு இறுக்கமா இருந்தாத்தான் சுத்தும். வாய் வழியா இறுக்கமான குண்ட எறக்கணும்னா தம் கட்டி இடிக்கணும். சண்டையில அதுக்கு நேரம் கீதா? ஆயிரக்கணக்குல செய்யுறவன் ஒவ்வொரு குழாயிலயும் புரி வெட்டிகினு இருப்பானா? சாதா சிப்பாய்க்கு வெறுங்குழாதான் சார்.”

“குழாய்க்குள்ள கேமரா பாக்கப் போறதில்லையே ஐயா?”

“குழாயப் பாக்காது. இடிக்கிறவன் கையப் பாக்கும். புரி இருந்தா கை ஒரு மாதிரி போவும், இல்லேன்னா வேற மாதிரி போவும்.”

அவர் படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். குண்டு நேராகப் போகாதென்றால் எப்படிச் சண்டை போட்டார்கள் என்று கேட்டார். ஒருவன் குறி வைத்துப் பிரயோஜனம் இல்லை, தோளோடு தோள் நின்று எல்லோரும் ஒரே நேரத்தில் சுட வேண்டும், அதில் சிலதாவது படும் என்று சொன்னேன். அவர் போனில் குறித்துக்கொண்டார். குறித்துக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன்.

துப்பாக்கிகள் தயாராயின. குழாயைத் தாங்கும் கட்டைக்கு, உடைத்த படகுகளின் பலகையை வாங்கி இழைத்தேன். உப்பில் ஊறிய மரத்துக்கு வரும் நிறம் எந்தப் பாலீஷிலும் வராது. ஆனால் துணை நடிகர்கள் அதைக் கையில் வாங்கியதும் குடை பிடிப்பது போலப் பிடித்தார்கள். கம்பியைக் குழாய் வாயில் விட ஒவ்வொருவரும் இரண்டு மூன்று முறை தடவினார்கள். இயக்குநருக்கு முகம் வாடிவிட்டது.

“என்கிட்ட ஆள் கீது சார்” என்றேன்.

எர்ணாவூரில் எட்டுப் பேர் கொண்ட ஒரு குழு உண்டு. மணலிப் பக்கத்து ஆலைகளில் பழுது பார்க்க ஆலையை நிறுத்தும் வருஷாந்திர ஷட்டவுன் வந்தால், கட்டுக்கட்டாக இருக்கும் குழாய்களுக்குள் கம்பியும் பிரஷும் விட்டு உப்பும் துருவும் எடுப்பவர்கள். நாளைக்கு ஆயிரம் குழாய் பார்த்த கைகள். அவர்களுடைய பிரஷ் கம்பிகளுக்கு மரை போடுவது நான்தான். அவர்களுடைய மேஸ்திரி துப்பாக்கியை வாங்கி வாயை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, “இன்னா நைனா, முக்கால் இஞ்ச்சா? கண்ண மூடிகினு வுடுவேன்” என்றார். விட்டும் காட்டினார்.

கழிமுகத்து மணல்திட்டில் படப்பிடிப்பு. காலையிலேயே ஒரு சிக்கல். மணல்மேட்டுக்குப் பின்னால் சிப்பாய்கள் படுத்துக்கொண்டு நிரப்பிச் சுட வேண்டும் என்று இயக்குநர் சொன்னார்.

நான் குறுக்கே போனேன். “படுத்துகினா மருந்து எப்படி சார் உள்ள போவும்? குழாய் வாய் வானத்தப் பாக்கணும். எதிரி சுடுறான்னு தெரிஞ்சாலும் எழுந்து நின்னுதான் நெரப்பணும். இந்தத் துப்பாக்கியோட பெரிய பேஜாரே அதான்.”

சுற்றி இருந்தவர்கள் என்னை முறைத்தார்கள். இயக்குநர் மட்டும் மேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எல்லோரையும் எழுப்பி நிற்க வைத்தார்.

முன்வரிசையில் என் எட்டு ஆட்கள். மருந்து போடுவது போலக் கை போனது. குண்டு போடுவது போலப் போனது. குழாய்க்கு அடியில் செருகியிருந்த கம்பியை உருவி, ஒரே மூச்சில் எட்டுப் பேரும் இறக்கினார்கள். சுத்தமான வேலை. பிறகு எட்டுப் பேரும் கம்பியை விட்டுவிட்டுத் துப்பாக்கியைத் தோளில் வைத்தார்கள். “சுடு” என்று குரல் வந்தது. புகை போட்டார்கள். புகை கலைந்தபோது எட்டுக் குழாய் வாயிலும் எட்டுக் கம்பிகள் ஒரு சாண் நீட்டிக்கொண்டு நின்றன.

“கட்! கட்! கம்பிய ஏன் உள்ளயே விட்டீங்க?” என்று இயக்குநர் கத்தினார்.

மேஸ்திரிக்குக் கோபம். “இன்னாத்துக்கு சார் கத்துறீங்க? நாங்க தள்ளியாச்சு. அந்தாண்ட இருக்கிறவன் இழுக்கலேன்னா நாங்க இன்னா பண்றது?”

“எந்தாண்ட?”

மேஸ்திரி துப்பாக்கியைத் திருப்பிக் கட்டையைப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். “அட, இதுக்கு அந்தாண்ட இல்லியா!”

அவர்கள் தொழிலில், இந்தப் பக்கம் தள்ளுகிறவன் தள்ளிவிட்டு அடுத்த குழாய்க்குப் போய்விடுவான். மறுபக்கம் நிற்கிற ஆள் இழுத்துக்கொள்வான். இருபது வருஷமாகக் கை அப்படியே பழகியது. திட்டு முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன், ஆனால் எனக்கு அந்த வாத்து ஞாபகம் வந்துவிட்டது.

இயக்குநரைத் தனியாகக் கூப்பிட்டேன். “சார், திட்டாதீங்க. நெஜத் துப்பாக்கியிலயும் இது நடக்கும். எனக்குத் தெரிஞ்ச ஆளுக்கே நடந்துச்சு. கம்பி பறந்து சேத்துல பூடுச்சி. அப்பால பாருங்க, மருந்து கீது, குண்டு கீது, துப்பாக்கி கீது. கம்பி இல்ல. அத்தனையும் வேஸ்ட்டு.”

அவர் கழிமுகத்துப் பக்கம் திரும்பினார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “கம்பிய எடுக்கக் கை போகும், இல்லையா? இருக்கும்னு நெனச்சு?” என்று கேட்டார்.

“போவும் சார். பழகின கை போவத்தான் செய்யும்.”

அன்று மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு அந்தக் காட்சியை எழுதினார். எட்டுப் பேரில் ஒருவரையே அதில் நடிக்க வைத்தார். நீங்கள் பார்த்தது அதுதான். வரிசையில் ஒரு சிப்பாய், பயத்தில் கம்பியோடு சேர்த்துச் சுட்டுவிடுகிறான். கம்பி பறந்து போய்த் தண்ணீரில் விழுகிறது. அவன் மறுபடி மருந்து போடுகிறான், குண்டு போடுகிறான். கை குழாய்க்கு அடியில் கம்பியைத் தேடிப் போகிறது. அங்கே ஒன்றுமில்லை. எதிரே குதிரைகள் வருகின்றன. பக்கத்தில் நிற்பவர்கள் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். அவன் கை மட்டும் வெறும் இடத்தைத் தடவிக்கொண்டே இருக்கிறது. பாட்டு இல்லை, வசனம் இல்லை.

படம் வந்த முதல் வாரம், மதியக் காட்சிக்கு நானும் என் மனைவியும் அந்த எட்டுப் பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். அந்தக் கை தடவும்போது தியேட்டரில் பாப்கார்ன் மெல்லும் சத்தம்கூட இல்லை. என் ஷெட்டுக்கு வந்த ஒரு வாத்துக்காரர் கதை, எர்ணாவூர்க் குழாய்க்காரர்களின் கைப்பழக்கம், நான் இழைத்த படகுப் பலகை, எல்லாம் அந்தத் திரையில் மலை போல நின்றன.

படம் முடிந்து எல்லோரும் எழுந்தார்கள். நாங்கள் எழவில்லை. பெயர்கள் ஓடின. ஆயுத வடிவமைப்பு என்று ஒரு பெயர், ஆயுத ஆராய்ச்சி என்று இன்னொரு பெயர். அந்த இருவரையும் நான் மணல்திட்டில் பார்த்ததே இல்லை. சாப்பாடு போட்டவர் பெயர்கூட வந்தது. கடைசியில், “நன்றி: எண்ணூர் பொதுமக்கள்.”

என் மனைவி முழங்கையால் இடித்தாள். “யோவ், எழுந்துரு. நீதான் பொதுமக்களாயிட்டியே.”

மேஸ்திரி, “நைனா, இந்தாண்டலேர்ந்து நாம தள்ளினோம், அந்தாண்ட எவனோ இழுத்துகினான்” என்றார். இதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது.

போன் செய்தேன். இயக்குநர் வெளியூரில் இருந்தார். அலுவலகத்தில் ஒரு தம்பி, “உங்க ஊர் பேர் போட்டிருக்கோமே ஐயா” என்றார். என் ஊர் எண்ணூர் இல்லை, திருவொற்றியூர் என்று சொல்லி வைத்தேன். பிறகு ஒரு பேட்டி பார்த்தேன். அந்தக் காட்சி பழைய ஆவணங்களைப் படிக்கும்போது கிடைத்தது என்று இயக்குநர் சொன்னார். கேமரா அவருடையது, கதை அவருடையது, அந்த மௌனமும் அவருடையதுதான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கம்பி எந்த ஆவணத்திலும் இல்லை. எண்ணூர்ச் சேற்றில் இருந்தது.

தியேட்டரில் ஓடியது ஓடிவிட்டது. இனி டி.வி.யில் போடுவார்கள், போனில் போடுவார்கள். அதற்கு முன்னால் ஒரு வரி சேர்ப்பது பெரிய வேலை இல்லை. நாற்பது துப்பாக்கிகளையும் லாரியில் ஏற்றும்போது அவர்கள் நீட்டிய தாளில் என் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதைப் பார்த்து எழுதட்டும். துப்பாக்கி செய்தது நான் என்று போடட்டும். கம்பி மறந்த காட்சியைச் சொன்னதும் நான் என்று போடட்டும். அதற்குக் கீழே, எர்ணாவூர்க் குழாய்க்காரர்கள் எட்டுப் பேரையும் ஒவ்வொரு பெயராகப் போடட்டும். பொதுமக்கள் என்று வேண்டாம்.