மண்ணாகக் கேட்ட பங்கு

எழுபதுகளில், மாமல்லபுரம் பக்கத்துக் கடற்கரைப் புறம்போக்கில் லாரிகளில் மணல் அள்ளியதற்கான ராயல்டிப் பணம் யாருக்கு என்று இரண்டு மீனவர் குப்பங்கள் நடத்திய வழக்கு முடிந்தது. தீர்ப்புப்படி பணத்தை இரண்டு குப்பத்தாருக்கும் பிரித்துக்கொடுக்க, தாலுகா அதிகாரியாக நான் போனேன்.

கருவாடு போடும் பெண் ஒருத்தி வந்தார். உப்பேறிய கைகள். பேசும்போதெல்லாம் கால் பெருவிரலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார். பணத்தை நீட்டினேன், வாங்கவில்லை.

“என் பங்க மண்ணாவே குட்த்துடு சார். அள்ளின பள்ளத்துல தண்ணி நின்னுகினு கீது. கருவாட்ட உன் மேசை மேலயா காயப்போடறது?”

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

“கோர்ட்டு பணம்தாம்மா தரச் சொல்லிச்சு.”

“லாரிக்கு பர்மிட்டு குட்த்தவரு யாரோ, அவராண்ட சொல்லு.”

“சொல்றேன்” என்றேன்.

பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனார். அந்த பர்மிட்டுகளில் இருந்தது என் கையெழுத்து. அது தெரிந்துதான் கேட்டாரா? இன்றும் எனக்கு விளங்கவில்லை.