இரண்டாவது முறை கேட்காதவர்

இரண்டு பேரும் மரியாதையாகவே நடந்துகொண்டால் ஒரு வாழ்க்கை கெட்டுப்போகுமா? பல்செட் செய்யும் கூடத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தவளுக்கு அப்படித்தான் நடந்தது. மற்றவர்களின் பற்களோடே கிடப்பதால் கூடத்தில் அவளுக்குப் பல்லழகி என்று பெயர்.

ஒருநாள் மெழுகுப் பல் வரிசைகள் அடுக்கிய தட்டோடு லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டாள். திறக்க வந்தவர் வேற்று நாட்டுக்காரர், ஒப்பந்தத்தில் வந்த லிஃப்ட் மெக்கானிக். கதவிடுக்கு வழியே, பழகிய தமிழில் கேட்டார்: "பயமா இருக்கா?"

"இல்ல."

"சரி. அப்போ மெதுவாவே செய்றேன்."

உண்மையில் அவளுக்குப் பயம்தான். ஆனாலும், சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளும் ஒரு மனிதரை அன்றுதான் பார்த்தாள். வீட்டில் அவள் எது சொன்னாலும் அதற்கு வேறு அர்த்தம் இருக்கும் என்பார்கள். இவரிடம் மனதைப் பறிகொடுத்தது அதற்காகத்தான்.

மூன்று வருடம் பழகிய பின், ஒப்பந்தம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, அவர் அவள் வீட்டுக்கு வந்து அண்ணன் முன்னால் கேட்டார்: "என்னோட வர்றீங்களா?"

அண்ணனுக்குச் சம்மதம்தான். ஆனால் கேட்டதும் சரி என்று தலையாட்டும் பெண்ணை அந்த வீட்டில் மதிக்க மாட்டார்கள். முதலில் மறுக்க வேண்டும். வந்தவர் விடாமல் கேட்க வேண்டும். அவள் தலையைக் குனிந்து, "வேண்டாங்க" என்றாள்.

அவர் முகம் வெளுத்தது. எழுந்து அண்ணனுக்குக் கைகொடுத்துவிட்டுப் போய்விட்டார். மறுத்த பெண்ணை மறுபடி கேட்பது அவர் ஊரில் ரவுடித்தனம்.

"என்னடி இது, காப்பிகூட ஆறல, ஆளக் காணோம்!" என்றாள் அண்ணி.

நான்கு நாள் அவர் போனை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் வேலையை அப்படியே போட்டுவிட்டு அவர் அறைக்கு ஓடினாள். பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"நான் வர்றேங்க. அன்னைக்குச் சொன்னது சும்மா மரியாதைக்கு."

அவர் பெட்டியை மூடிவிட்டுத் திரும்பினார். "மூணு வருஷமா நீங்க சொன்ன ஒவ்வொரு இல்லையும் நான் நம்பினேன். அதுல எது மரியாதைக்கு?"

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவரும் அழுதார். முடிவு எதுவும் ஆகாமல் திரும்பினாள்.

விமானம் பிடிக்க அவர் ரயிலேறும் நாளன்று, அண்ணனே அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளோடு ரயிலடிக்கு வந்தான். "மாப்பிள்ளை, எங்க வீட்ல இன்னொரு தடவை கேக்கணும். அவ்வளவுதான் விஷயம்," என்று ரயில் ஜன்னல் வழியே அவர் காதில் போட்டான். முன்பே அதைச் சொல்லியிருக்கலாம். பெண் வீட்டார் வாய்திறப்பது கௌரவக் குறைச்சல் என்று இருந்துவிட்டான்.

அவர் ரயிலிலிருந்து இறங்கி வந்தார். காது சிவந்திருந்தது. தன் ஊர்க்காரர் பார்த்தால் காறித்துப்பும் காரியத்தை அத்தனை பேர் நடுவில் செய்தார். "மறுபடி கேக்குறேன். வர்றீங்களா?"

"வேண்டாங்க," என்றாள். இம்முறை தலைகுனியவில்லை; மரியாதைக்கும் சொல்லவில்லை.

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கண்ணைக் காட்டினான். இதுவரை அவள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டவர், இப்போது அண்ணன் கண்ணை நம்பி மூன்றாம் முறையும் கேட்டார்.

அவள் அண்ணன் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தாள். ஏன் என்று அண்ணி மாதக்கணக்கில் கேட்டுப் பார்த்தாள்.