பூஜையில் வைத்த ஸ்பேனர்

சாவி என் சட்டைப் பையில் இருந்தது. எங்கள் வீட்டுக் கொட்டகையில் நின்றிருந்த கார் தானாக ஒருமுறை உறுமி அடங்கியது. அன்றைக்கே நான் பயந்திருக்க வேண்டும். எனக்கு வந்ததோ கோபம். என்னிடமே வேலையைக் காட்டுகிறாயா என்று பம்பரில் ஓர் உதை விட்டேன்.

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். மைசூரில் இட்டிகேகூடு பக்கம் குடியிருந்தோம். ரயில் பெட்டிகளுக்கு வயரிங் செய்வது என் வேலை. என் மனைவியின் தம்பி ராமாபுரத்திலிருந்து வந்து எங்களோடு தங்கி லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த வேலை போய்விட்டது. ஊரில் தன் பங்குக்கு வந்த காட்டு நிலத்தை விற்று, பழைய அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கி வந்தான். உலகச் சண்டைக் காலம் முழுக்கப் பெட்ரோல் கிடைக்காமல் ஒரு காபித் தோட்டக்காரரின் கொட்டகையில் எலிகளுக்கு வீடாகக் கிடந்த வண்டி அது. அதை ஓட வைத்து நஞ்சன்கூட்டுக்கு டாக்சி விட வேண்டும். அவனுக்கு வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு பிழைப்புத் தெரியாது. ஓட வைப்பது என் பொறுப்பு என்று நானாகத்தான் ஏற்றுக்கொண்டேன்.

முதலில் தீப்பொறியே வரவில்லை. ஒரு சின்ன பல்பில் இரண்டு வயரை முறுக்கிக்கொண்டு, பேட்டரியிலிருந்து ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்த்தேன். சாவி போடும் ஸ்விட்ச் வரை கரண்ட் வந்தது, அதைத் தாண்டவில்லை. கழற்றினால் உள்ளே பச்சைக் களிம்பு. சுரண்டித் துடைத்து மாட்டினேன். தீப்பொறிக்குக் கரண்ட்டை விட்டு விட்டு அனுப்பும் பாயிண்டுகளை உப்புத்தாளால் தேய்த்தேன். வண்டி இருமியது, புகைந்தது, ஓடியே விட்டது. தெருவில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம்தான் அந்தப் பீடை பிடித்தது. அந்தக் காரில் எஞ்சினை முடுக்கும் ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றச் சாவி வேண்டாம். டாஷ்போர்டில் ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால், அதிலிருந்து போகிற மெல்லிய வயருக்கு வண்டியின் இரும்போடு தொடர்பு கிடைக்கும், உடனே ஸ்டார்ட்டர் சுற்றும். அதே வயர் வழியில் எங்காவது தோலுரிந்து இரும்பில் பட்டாலும் போதும், யாரும் அமுக்காமலே சுற்றும். வண்டி கியரில் நின்றிருந்தால் எஞ்சின் ஓடாமலே முன்னால் பாய்ந்துவிடும்.

மூன்று தரம் அப்படி உறுமியது. நான் பொத்தானை மாற்றினேன். கண்ணுக்குத் தெரிந்த இடமெல்லாம் டேப் சுற்றினேன். பார்க்காமல் விட்டது ஒரே ஓர் இடம். எஞ்சினுக்கும் சீட்டுக்கும் நடுவிலுள்ள தகட்டில் அந்த வயர் நுழைகிற துளை. அதைப் பார்க்க டாஷ்போர்டைக் கழற்ற வேண்டும். தசரா நெருங்கிவிட்டது, எனக்கோ அலுத்துவிட்டது. இரண்டு நாள் வண்டி சத்தமில்லாமல் இருந்தது.

"சரியாயிருச்சுங்களா மாமா?" என்று மச்சினன் கேட்டான்.

"யாருகிட்டக் கேக்கறே? அதெல்லாம் ஆயிருச்சு, போ."

பொய் என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

ஆயுத பூஜையன்று காலையில் ஸ்பேனர், கட்டிங் பிளேயர், ஸ்க்ரூ டிரைவர், அந்த பல்பு எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் வைத்து, பூப்போட்டுச் சாமி முன்னால் பரப்பியாயிற்று. பூஜைக்கு வைத்ததை மறுநாள்தான் எடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அன்றைக்குக் கத்தரிக்கோல்கூட நகராது. கார் வாசலில் காம்பவுண்ட் சுவரைப் பார்த்தபடி நின்றது. மச்சினன் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினான். ஹேண்ட் பிரேக் சரியாகப் பிடிக்காததால், கொட்டகைக்கு வெளியே நிறுத்தும்போதெல்லாம் கியரில் விட்டுத்தான் நிறுத்துவான்.

அவன் துடைத்துக்கொண்டிருக்கும்போது கார் ஒரு தடவை உறுமி, ஒரு விரற்கடை நகர்ந்தது. அவன் துள்ளி விலகினான். பிறகு சிரித்தான், முகத்தில் ரத்தமே இல்லை.

"மாமா, மறுக்காவும் உறுமுதுங்களே!"

"தண்ணிய இப்படிக் கொட்டினா உறுமாம என்ன செய்யும்? காஞ்சா சரியாப்போகும்."

மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, அந்த பேட்டரிய மட்டும் கழட்டி வச்சிருங்களே. ஸ்பேனர எடுத்துக்கலாம், சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது."

பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "காடி ரெடியா ஸ்வாமி?" என்று வண்டியைப் பற்றிக் கன்னடத்தில் விசாரித்தார்.

"ரெடி, ரெடி!" என்றேன் அவரிடம். மனைவியிடம் திரும்பி, "பூஜைக்கு வச்சதத் தொடச் சொல்றியே, அறிவிருக்கா உனக்கு?" என்று கத்தினேன்.

நான் ஒன்றும் அவ்வளவு பக்திமான் இல்லை. ஸ்பேனரைத் தொட்டால், சரியாகவில்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். கியரை எடுத்துவிட்டுச் சக்கரத்துக்குக் கல் வை என்றாவது மச்சினனிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பானே! சாமியை முன்னால் நிறுத்தி நான் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

காருக்கு மாலை போட்டாயிற்று. மச்சினன் காருக்கும் சுவருக்கும் நடுவே போய் நின்று, திறந்து கிடந்த பானெட்டைத் தட்டி மூடினான். சந்தனத்தைக் குழைத்துக் குனிந்தான். "டேய், இந்தப் பக்கம் வா" என்று சொல்ல வாயெடுத்தேன்.

கார் பாய்ந்தது. அவனைச் சுவரோடு சேர்த்து அழுத்தியது, அழுத்திக்கொண்டே இருந்தது. ஸ்டார்ட்டர் நிற்காமல் அரைத்தது. அவன் அலறலுக்கு மேலே அந்தச் சத்தம் கேட்டது. நான் உள்ளே ஓடி, பூவை வாரி எறிந்து, ஸ்பேனரை எடுத்து வந்தேன். சீட்டுக்கு அடியிலிருந்த பேட்டரியின் வயரைக் கழற்ற நாலே திருப்பு. அவ்வளவுதான் வேலை.

ஆஸ்பத்திரியில் அவன் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மறுநாள் டாஷ்போர்டைக் கழற்றிப் பார்த்தேன். துளையிலிருந்த ரப்பர் வளையம் காய்ந்து உதிர்ந்திருந்தது. அந்த இடத்தில் வயர் தோலுரிந்து செம்பு பளபளவென்று இருந்தது. பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மூன்றாம் நாள்தான் மச்சினனுக்கு நன்றாக நினைவு வந்தது. நானும் மனைவியும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றிருந்தோம். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தப்பு என்னுதுங்க மாமா. கியர்ல விட்டது நாந்தான். நீங்க அத்தன பாடுபட்டு சரி பண்ணிக் குடுத்தீங்க, நான் கெடுத்துப்போட்டேன்."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தாள்.

"சரி விடு மாப்ளே. போனது போகுது" என்றேன், அவனை மன்னிக்கிறவனைப் போல.