முதலிடம் பிடித்த ஒப்பாரி

ஐந்தாவது வரைதான் படித்தேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் எழுத உட்கார்ந்திருக்கிறேன். முன்னே பின்னே வரும், மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கனடாவில் கிழவிகளை ஒரு கூடத்தில் சேர்த்து, பாட்டுப் போட்டுக் கையைக் காலை ஆட்டச் சொல்கிறார்கள். சிறுசேரியில் வேலை பார்த்த மகன் என்னை இங்கே கூட்டிவந்ததிலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் எனக்கு அதுதான் வேலை. சொல்லிக்கொடுக்கிற லிண்டா, ஒரு நாள் எனக்காகவே ஒரு இந்தியப் பாட்டைத் தேடிக் கொண்டுவந்து போட்டாள். கேட்டதும் எது என்று தெரிந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முட்டிவலி என்று நினைத்து ஐஸ் பையோடு ஓடி வந்தாள். "டெத் சாங், டெத் சாங்" என்றேன். "நோ நோ, வெரி ஹாப்பி சாங்!" என்று முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

அது என் நாத்தனார் அஞ்சலை, தன் மகனுக்கு வைத்த ஒப்பாரியின் மெட்டு. கோவளத்தில் அவள் வீடும் எங்கள் வீடும் அடுத்தடுத்து. தொண்ணூறுகளின் நடுவில் என்று நினைக்கிறேன், கடலுக்குப் போன அவளுடைய ஒரே பிள்ளை ஏழுமலையைப் பிணமாகத்தான் கரையில் தூக்கினோம். மாரில் அடித்துக்கொண்டு அவள் இழுத்த இழுப்பை வேறு யாரிடமும் நான் கேட்டதில்லை. காலேஜ் ஆராய்ச்சி என்று ஊருக்கு வந்துபோய்க்கொண்டிருந்த ஒருவர், டேப்ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு பந்தலில் உட்கார்ந்திருந்தார். சாவு வீட்டில் யாரை எழுந்து போ என்பது?

அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ, ஞாயிற்றுக்கிழமை டிவியில் முதல் பத்துப் பாட்டு ஓடியது. மாமல்லபுரம் கடற்கரையில் எங்கள் ஆட்களின் படகின்மேலேயே ஏறி, கறுப்புக் கண்ணாடி போட்ட பெண்கள் ஆடினார்கள். மெட்டு அஞ்சலையுடையது. தாளத்தைத்தான் முடுக்கிவிட்டிருந்தார்கள். வாரக்கணக்கில் அதற்கே முதலிடம். ஈசிஆர் ரோட்டில் ஓடுகிற பஸ்ஸிலெல்லாம் அதுதான். அஞ்சலை மீன்கூடையோடு பாதி வழியிலேயே இறங்கிவிடுவாள்.

"இன்னா அண்ணி இது? என் புள்ளக்கி நான் அழுதா, இவளுங்க இடுப்ப ஆட்டினு கீறாளுங்க!" என்றாள்.

இரண்டு பேரும் சென்னைக்குப் போய், கேசட் போட்ட கம்பெனியைக் கண்டுபிடித்தோம். காசு கேட்கப் போகவில்லை. அதை ஆட்டத்துக்குப் போடாதீர்கள் என்று சொல்லப் போனோம். மேஜைக்குப் பின்னால் இருந்தவன், "உங்க பாட்டா? எங்க, பாடிக் காட்டுங்க" என்றான்.

அஞ்சலை பதறிப்போனாள். "இன்னாய்யா பேசற? பொணம் இல்லாத எடத்துல ஒப்பாரி வச்சா அங்க பொணம் வுயும்யா! உனுக்குக் கொயந்த குட்டி கீதா இல்லியா?"

"பாடத் தெரியாதுன்னு சொல்லிட்டுப் போங்கம்மா" என்று அவன் சிரித்தான். பக்கத்தில் இருந்தவனும் சிரித்தான். அவன் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும் என்றுதான் அவள் வாயை மூடிக்கொண்டாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல் நறநறக்கிறது.

லிண்டா பாட்டுப் போட்ட அதே வாரம், வெள்ளிக்கிழமை காலையில் போன் வந்தது. அஞ்சலை போய்விட்டாள். சொன்னவன் என் கொழுந்தன் மகன் செல்வம். பின்னால் ஒரே இரைச்சல்.

"இன்னாடா சத்தம் அது?"

"அத்த பாட்டுதான் பெரிம்மா! பேண்டு செட்டு வச்சிகீறோம். டிவில நம்பர் ஒன்னா வந்த பாட்டாச்சே, கெத்தா அனுப்ப வேணாமா? பசங்க இன்னாமா ஆடறானுங்க தெரியுமா!"

"ஒப்பாரி யார்ரா வச்சா?"

"இப்போ யாரு பெரிம்மா அதெல்லாம்..."

பாசத்தில் செய்கிறான். யாரைத் திட்டுவது, சொல்லுங்கள்?

போனை வைத்துவிட்டு வாயைத் திறந்தேன். மகனும் மருமகளும் வாழ்கிற வீடு. பிணம் இல்லாத வீடு. மூடிக்கொண்டேன். அவள் அங்கே கிடக்கிறாள், அவளுக்கான அழுகை இங்கே என் தொண்டையில் கிடக்கிறது. நடுவில் அத்தனை கடல். மனசுக்குள்ளாவது பாடலாம் என்று பார்த்தேன். இரண்டு அடி வந்தது. மூன்றாவது அடிக்கு அந்த டிவி பாட்டின் வார்த்தைதான் வந்து நிற்கிறது. எத்தனை முறை விரட்டினாலும் அதுதான் வருகிறது.

அன்று அந்தப் பந்தலில் இருந்த கோவளத்துப் பெண்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொன்ன வருஷமும் மற்றதும் சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள். அஞ்சலையின் மூன்றாவது அடியையும் எழுதி அனுப்புங்கள். டிவியில் வந்ததை அனுப்பாதீர்கள். அது எனக்குத் தெரியும்.