பின்சுவரைப் படம் எடுத்தவள்

தெருவில் அவளை "அண்ணாந்தா" என்றுதான் கூப்பிடுவார்கள். எப்போது பார்த்தாலும் வானத்தைப் பார்த்தபடி நிற்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். கேமரா டிரோன் ஓட்டுவது அவள் தொழில். ஒழுகும் கூரை, உயரத்தில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி, ஆலைப் புகைபோக்கி என்று ஆள் ஏறிப் பார்க்க முடியாததையெல்லாம் டிரோனைப் பறக்கவிட்டுப் படம் எடுத்துக் கொடுப்பாள். கழுத்துவலிக்குத் தைலம் பூசாத நாள் கிடையாது. அவள் வருவதற்கு முன்னால் வாசனை வந்துவிடும் என்று கேலி செய்தால் அவளும் சேர்ந்து சிரிப்பாள். தம்பி படுக்கையில் விழும்வரை அப்படித்தான் இருந்தாள்.

தம்பிக்குக் கல்குவாரியில் வேலை. பாறையில் துளை போடும் இயந்திரம் அவன் கையில். ஒருநாள் காலை பத்து மணி வாக்கில் குவாரியின் பின்சுவரிலிருந்து பெரிய பாறை ஒன்று பிளந்து சரிந்தது. அவன் கீழே நின்றிருந்தான். உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவே இல்லை. அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது.

விபத்தைக்கூட அவள் விழுங்கியிருப்பாள். விழுங்க முடியாமல் போனது குவாரி மேலாளர் எழுதிய அறிக்கையை. "தொழிலாளி மது அருந்திய நிலையில், அனுமதியின்றித் தானாகவே அப்பகுதிக்குச் சென்றார்." கீழே நீட்டி முழக்கி ஒரு கையெழுத்து. தம்பியோ இருமல் மருந்து குடிப்பதற்கே மூக்கைப் பிடித்துக்கொள்கிறவன். ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. அதனால் அந்த ஒரு வரியே உண்மையாகிவிட்டது. அவனுக்கு நிச்சயம் பண்ணியிருந்த பெண்ணின் அப்பா வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே பேசினார். "கால் போனதுக்காக நாங்க பின்வாங்கல. குடிக்கிற பையன்னு ஆபீஸ்லயே எழுதியிருக்காங்க. நாளைக்கு என் பொண்ணு என்னைத் திட்டக்கூடாது பாருங்க." தம்பி கட்டிலில் கிடந்தபடி அதைக் கேட்டான். அதன் பிறகு நான்கு நாள் யாரோடும் பேசவில்லை.

ஐந்தாம் நாள் அவள் மேலாளரின் அறைக்குப் போனாள். மேசையில் கண்ணாடி விரித்து, அதன் அடியில் குவாரியின் வரைபடம் வைத்திருந்தார். அவளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அவள் தொடவில்லை.

"அந்த வரியை மட்டும் எடுத்துடுங்க சார். வேற எதுவும் கேட்கல."

"போனது போச்சும்மா. உசுரோட இருக்கான்ல? அதுக்கு சந்தோஷப்படு."

"சந்தோஷப்படுற நாள் வரும் சார். அன்னிக்கு நீங்களும் பக்கத்துல இருப்பீங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். படி இறங்கும்போது அவர் சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்பை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டரை வருடம் வைத்திருந்தாள்.

தம்பி சொன்னது இதுதான்: "மேல துளை போட்டு முடிச்சிருந்தாங்க அக்கா. வெடி வைக்க வேண்டியதுதான் பாக்கி. கீழ கிடக்குற குழாயை எடுத்துட்டு வான்னு அவரேதான் அனுப்பினாரு. பாறை துளை வழியாத்தான் பிளந்துச்சு. பாதித் துளை இன்னும் சுவர்ல இருக்கும். யாராவது போய்ப் பார்த்தா போதும்."

யாரும் போகவில்லை. சுரங்கப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து வருகிறவர்கள் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். அங்கே பாறை விதிப்படி படிப்படியாக வெட்டப்பட்டு, பார்க்க அரண்மனைப் படிக்கட்டு மாதிரி இருக்கும். பின்சுவர் மலை மடிப்புக்குள் ஒளிந்திருந்தது. விபத்துக்குப் பிறகு அங்கே போகும் வழியையும் மேலாளர் கற்களைக் கொட்டி அடைத்துவிட்டார். இனி அதை ஆகாயத்திலிருந்துதான் பார்க்க முடியும்.

அனுமதி இல்லாமல் ஒரே பொழுதில் அவள் படம் எடுத்திருக்கலாம். தம்பியே அதைச் சொன்னான். "திருட்டுத்தனமா எடுத்தா, திருட்டுப் படம்னு சொல்லித் தப்பிச்சுடுவான்டா. அவன் கண் முன்னாலயே எடுக்கணும்" என்றாள். மனு மேல் மனுவாக எழுதினாள். பதில் வராத மனுக்களின் நகல்கள் சமையலறை அலமாரியில் ஒரு முழம் உயரத்துக்குச் சேர்ந்தன.

காத்திருந்த நாட்களில் கை சும்மா இருக்கவில்லை. குவாரிக்குள்ளிருந்து பறக்கவிடச் சம்மதிக்கமாட்டார்கள் என்று தெரிந்து, எதிரே இருக்கும் சரிவை அவள் ஏற்கெனவே போய்ப் பார்த்திருந்தாள். குறுகலான பள்ளம், முள், உருண்டு கிடக்கும் பாறைகள். ஒரு சாப்பாட்டுத் தட்டை ஆடாமல் வைக்க இடம் இல்லை. அங்கே டிரோனை ஏற்றுவது பெரிய காரியமில்லை, இறக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் வேலை இல்லாத நாளெல்லாம் இடித்துப்போட்ட கட்டடக் குவியல்களைத் தேடிப் போனாள். ஓட்டுச் சரிவில் இறக்கிப் பார்த்தாள். ஆற்றோரப் பாறை மேல் இறக்கிப் பார்த்தாள். சரளைக் கல்லில் இறக்கினால் விசிறிக் காற்றில் கல் பறந்து இறக்கையை உடைக்கும் என்பதையும், சரிவில் ஒரு கால் முதலில் பட்டால் டிரோன் குட்டிக்கரணம் போடும் என்பதையும் இரண்டு டிரோன்களைப் பலி கொடுத்துத் தெரிந்துகொண்டாள். கடைசியில் தரையையே நம்பாமல், அந்தரத்தில் நிற்பதைக் கையால் அடியிலிருந்து பிடிக்கப் பழகினாள். பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் மேலாளரின் சட்டைக் காலரைப் பிடிப்பதாகவே நினைத்துக்கொண்டாள். பிடி தவறவே இல்லை.

மூன்றாம் வருடம் புதிதாக ஒரு பெண் அதிகாரி வந்தார். மேசைக்கு வரும் காகிதத்தைப் படித்துப் பார்க்கிற வழக்கம் உள்ளவர். அவளை வரச்சொன்னார்.

"என் முன்னால பறக்கவிடணும். டிரோன் இறங்கினதும் அதுல இருக்கிற மெமரி கார்டை நான்தான் கழட்டி உறையில போட்டு சீல் வைப்பேன். உங்க கை படக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம் மேடம்."

"ரிமோட் திரையில தெரியுற படம் செல்லாது. அது மங்கல். அளவு எடுக்கணும்னா கார்டுல இருக்கிற படம்தான் வேணும். டிரோன் எங்கயாவது விழுந்து கார்டு போச்சுன்னா இன்னொரு தடவை என்னால அனுமதி வாங்க முடியாது. யோசிச்சுக்குங்க."

"ரெண்டரை வருஷமா அதைத்தான் யோசிச்சுட்டு இருக்கேன் மேடம்."

குறித்த நாளில் மேலாளரும் வந்தார். வெடிமருந்துக் கிடங்கு இருப்பதால் குவாரிக்குள்ளிருந்து பறக்கவிட விதியில் இடமில்லை என்று காகிதத்தைக் காட்டினார். "எதிர்ச்சரிவுல இருந்து தாராளமா விடட்டும் மேடம், நான் குறுக்க நிக்கல" என்றார். அதே சிரிப்பு. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினாள். அதிகாரியும் கூடவே இறங்கினார், மேலாளர் மேலேயே நின்றுகொண்டார்.

ஒரு பாறையின் உச்சியில் பெட்டி மூடியைக் கிடத்தி, அதிலிருந்து டிரோனை எழுப்பினாள். காலை வெயில் நல்ல வெளிச்சம் தந்தது. மடிப்பைத் தாண்டியதும் பின்சுவர் திரையில் வந்தது. படி என்று ஒன்றுமே இல்லை. செங்குத்தான சுவர். அதன் அடிப்பக்கத்தையும் உள்ளே குடைந்திருந்தார்கள். அவள் மெல்ல மேலே ஏற்றினாள். சரிந்த இடத்தில் பாறை மேல், நெடுக்குவாட்டில் பிளந்த குழாய்களை வரிசையாகப் பதித்ததுபோல் ஒன்பது பாதித் துளைகள். தம்பி சொன்னது அப்படியே இருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அருகிலிருந்தும் தள்ளியிருந்தும் படம் எடுத்தாள்.

அந்த நேரத்தில் மேலாளர் ஒதுங்கிப் போய்க் கைபேசியில் இரண்டு வார்த்தை பேசினார். ஐந்து நிமிடத்துக்குள் குவாரியில் கல் உடைக்கும் இயந்திரம் உறுமத் தொடங்கியது. வெள்ளைத் தூசி மேகமாகப் பள்ளத்துக்குள் புகுந்தது. வெயில் ஏற ஏறக் காற்றும் கீழிருந்து மேலே அடிக்க ஆரம்பித்தது. ஒரு வீச்சில் பெட்டி மூடி பாறையிலிருந்து பறந்து முள்ளுக்குள் விழுந்தது. பேட்டரி இருபது சதவீதத்துக்கு வந்து டிரோன் தானாகத் திரும்பத் தொடங்கியது. இரு பக்கமும் பாறை மறைத்ததில் செயற்கைக்கோள் சிக்னல் வந்து வந்து போனது. தானாக இறங்கவிட்டால் இடம் நாலைந்து அடி தவறும். அந்தப் பள்ளத்தில் நாலடி என்பது பாறைமேல் மோதல்தான். அவள் அதை நிறுத்திவிட்டுத் தன் கைக்கு எடுத்துக்கொண்டாள்.

"மேடம், அந்தப் பாறைக்குப் பின்னால போயிடுங்க."

"நீங்க?"

"நான் பிடிக்கணும்."

முதுகைப் பாறையில் அண்டக்கொடுத்து, இரண்டு கால்களையும் கல் இடுக்கில் முட்டுக்கொடுத்தாள். ரிமோட் கழுத்தில் தொங்கியது. டிரோனின் வால் தன் பக்கமும் முகம் காற்றுக்கு எதிராகவும் இருக்கும்படி திருப்பி, தலைக்கு மேலே ஒரு முழத்தில் கொண்டுவந்தாள். கீழே தூசி சுழன்றதால் டிரோன் அதைத் தரை என்று நினைத்து மேலும் கீழும் தடுமாறியது. அடியில் இருக்கும் சென்சாரை அணைத்தாள். முதல் தடவை கை நீட்டியபோது காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளியது. பாறையில் உரசுவதற்கு ஒரு சாண் இருக்கையில் மேலே தூக்கினாள். பேட்டரி எட்டு.

"விட்டுடும்மா, விரல் போயிடும்!" என்று மேலிருந்து மேலாளர் கத்தினார். குரலில் அக்கறை வழிந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் தடவை, வலக்கை பிடிக்கப் போய்விட்டால் டிரோனைப் பக்கவாட்டில் திருத்த வழியில்லை. கீழே இறக்க இடக்கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். காற்று சற்று ஓயும் நொடிக்காகக் காத்திருந்து, கையை வீசி அடிவயிற்றைப் பற்றினாள். டிரோன் திமிறியது. இறக்கை ஒன்று ஆள்காட்டி விரலை எலும்புவரை கீறியது. விடவில்லை. இடக்கட்டைவிரலைக் கீழே அழுத்தியபடி மூன்று எண்ணினாள். மோட்டார்கள் நின்றன.

"கார்டை எடுத்துக்குங்க மேடம்" என்றாள். இரத்தம் முழங்கைவரை வழிந்தது. அந்த நேரத்தில் தம்பியின் முகம் நினைவுக்கு வந்ததா என்று பிற்பாடு அம்மா கேட்டாள். "இல்லம்மா, அந்த ஆளோட சிரிப்புதான் வந்துச்சு. அதுதான் கையை இறுக்கிப் பிடிச்சுது" என்று உள்ளதைச் சொன்னாள்.

பத்து நாள் கழித்து விசாரணை. அலுவலகச் சுவரில் அந்தப் படத்தை ஆள் உயரத்துக்குப் போட்டார்கள்.

"பாறை இந்தத் துளை வழியா பிளந்திருக்கு. அப்ப விழுறதுக்கு முன்னாடியே துளை போட்டாச்சு. ஆனா விபத்து நடந்த மாசம் அங்க வேலையே நடக்கலன்னு பதிவேட்டுல இருக்கே?" என்று அதிகாரி கேட்டார்.

"அந்தப் பையனே போட்டிருப்பான் மேடம். போதையில…"

"ஒன்பது துளை. வரிசை பிசகாம, ஒரே இடைவெளியில. போதையில போட்டதா? போட்டுட்டு அவனே கீழ வந்து நின்னானா?"

மேலாளர் கைக்குட்டையை எடுத்தார். அவள் எதிர் நாற்காலியில் கட்டுப்போட்ட விரலோடு உட்கார்ந்து, அவர் முகத்தில் வேர்வை எங்கே அரும்பி எந்த வழியாக இறங்குகிறது என்பதை ஒன்றுவிடாமல் பார்த்தாள். அந்த வாரமே, அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்த இரண்டு தொழிலாளிகள் வந்து, தம்பியை அனுப்பியது மேலாளர்தான், அவன் குடித்திருக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

குவாரிக்குச் சீல் வைத்தார்கள். மேலாளரின் உரிமம் ரத்தானது. வழக்கு போட்டார்கள். அறிக்கையிலிருந்து அந்த வரியை நீக்கிப் புதிய அறிக்கை வந்தது. அதற்குப் பிறகு ஒரு பிற்பகலில் மேலாளரே வீட்டுக்கு வந்தார். ஷேவ் பண்ணாத முகம்.

"தெரியாம எழுதிட்டேன்மா."

"என்கிட்ட சொல்லாதீங்க. உள்ள வாங்க."

தம்பியின் கட்டில் பக்கத்தில் அவரை நிறுத்தி, தெருப்பக்க ஜன்னல் இரண்டையும் திறந்துவைத்தாள். "இப்ப சொல்லுங்க. சத்தமா."

"நீ குடிக்கலப்பா. நான்தான் உன்னை அனுப்பினேன். பொய் எழுதினேன்." எதிர்வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். "கேஸ்ல கொஞ்சம் பார்த்துச் சொல்லுவீங்களாம்மா? எனக்கும் குடும்பம் இருக்கு."

"மாட்டேன்" என்றாள்.

அவர் நகராமல் நின்றார். "அக்கா, சார் நின்னுட்டே இருக்கார். கால் வலிக்கப்போவுது, அனுப்பி வை" என்றான் தம்பி. சொல்லிவிட்டுச் சிரித்தான். வெகுநாள் கழித்து அவன் சிரித்ததைக் கேட்டு அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்தாள்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. தம்பிக்கு நிச்சயம் பண்ணியிருந்த பெண்ணுக்கு எப்போதோ வேறிடத்தில் கல்யாணம் முடிந்திருந்தது. குவாரி மூடியதால் வேலை போனவர்களில் சிலர் அவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி குழாயடியில் வைத்து வாய்க்கு வந்தபடி ஏசினாள். அவள் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தாள். செய்ததை நினைத்து ஒருநாளும் வருந்தவில்லை.

அடுத்த ஆண்டு, ஓர் ஆலைக்கு வேலைக்குப் போகும் வழியில் பேருந்து நிறுத்தத்தில் மேலாளரைப் பார்த்தாள். கையில் துணிப்பையோடு வரிசையில் நின்றிருந்தார். அவளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். அவள் எதிரே போய் நின்றுகொண்டாள். அவருடைய பேருந்து வர இருபது நிமிடம் ஆயிற்று. அதுவரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.